வலிப்பாகத் தோன்றிய முழு ஏவி அடைப்பு: இசிஜி வழியே ஒரு நிகழ்வு ஆய்வு

இதய மேலறையின் மின்தூண்டல் எதுவுமே கீழறைக்கு இறங்காமல் போவதே முழு ஏவி அடைப்பு. அந்நோய் கண்டறியப்பட்ட 67 வயதான இப்பெண்மணி காவிரி டெல்டாப் பகுதியில் நடவு, களையெடுப்பு வேலைகளுக்குப் போய்வந்தவர். நான்கு மாதங்களுக்கு முன் வரப்பில் நின்றுகொண்டிருந்தபோது திடீரென நினைவிழந்து விழுந்து, அருகில் இருந்தவர்கள் தண்ணீர் எடுத்து வருவதற்குள் தாமாகவே எழுந்து உட்கார்ந்திருக்கிறார். வெயிலில் வந்த மயக்கம் என்று அது விடப்பட்டது. இரண்டாம் முறை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்த நிலையிலேயே சாய்ந்தார். அப்போது கைகால்கள் சில நொடிகள் வெட்டி இழுத்ததால் வலிப்பு என்று கருதப்பட்டு, வேறொரு மருத்துவமனையில் தலைக்கு சிடி ஸ்கேன் எடுக்கப்பட்டது. ஸ்கேனில் குறை எதுவும் இல்லை. எனினும் கார்பமாசெபைன் என்னும் வலிப்பு மருந்து, 200 மி.கி. மாத்திரை காலையும் இரவும் என்று தொடங்கப்பட்டது. அதற்குப் பிந்தைய ஆறு வாரங்களில் நிலைமை மோசமாயிற்று. நடந்தால் மூச்சு வாங்கியது. எழுந்து நின்றால் கண் இருட்டியது. மூன்றாம் முறை விழுந்தபோது புருவம் கிழிந்தது. அந்தக் காயத்துக்குத் தையல் போடத்தான் அவர் எங்கள் அவசரப் பிரிவுக்குக் கொண்டுவரப்பட்டார். நோயாளியை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் இங்கே தவிர்க்கப்பட்டுள்ளன.

இரத்த அழுத்தத்துக்காக அம்லோடிபின் 5 மி.கி. பல ஆண்டுகளாகச் சாப்பிட்டு வந்தார். சர்க்கரை நோய் இல்லை, நெஞ்சுவலி வந்ததில்லை, வேறு மாத்திரைகளோ நாட்டு மருந்தோ எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் வலக்கண்ணில் புரை நீக்கும் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. அதற்குத் தகுதிச் சான்று வாங்குவதற்காக எடுத்த இசிஜி, மருமகள் கொண்டுவந்த பாலித்தீன் உறையில் மடங்கிக் கிடந்தது. வலிப்பு என்று முடிவு செய்யப்பட்ட நாளில் எடுத்த இசிஜி எதுவும் அந்த உறையில் இல்லை.

விழுவதை நேரில் பார்த்தவர் அந்த மருமகள்தான். “அத்தை மொகம் மொதல்ல சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் போச்சு டாக்டர், அப்புறந்தான் கை வெட்டுச்சு. எந்திரிச்சதும் மொகமெல்லாம் செவந்துபோய், ஏன் எல்லாரும் சுத்தி நிக்கிறீங்கன்னு எங்களையே கேட்டாங்க” என்றார். வலிப்பு நோயில் முதலில் உடல் விறைத்து முகம் கறுத்து நீலம் பாரிக்கும். வெட்டுதல் பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்கு மேல் நீளும். தெளிந்த பிறகும் பல நிமிடங்களாவது குழப்பமும் தூக்கமும் இருக்கும். இதயம் சில நொடிகள் நின்றுபோவதால் வரும் மயக்கத்தில் முகம் முதலில் வெளுக்கும். மூளைக்கு இரத்தம் போகாமல் ஏறத்தாழப் பத்து நொடிகள் ஆனால் கைகால் வெட்டும். துடிப்பு திரும்பியதும் தேங்கி நின்ற இரத்தம் விரிந்த நாளங்களுக்குள் பாய்வதால் முகம் சிவக்கும். நினைவு உடனே திரும்பும். நாக்கு கடிபடவில்லை, சிறுநீர் கழியவில்லை என்பதையும் கேட்டு உறுதி செய்துகொண்டோம். ஆனால் இவை இரண்டும் துணைச் சான்றுகளே; இதய மயக்கத்திலும் சிறுநீர் கழியலாம்.

பரிசோதனையில் நாடி நிமிடத்துக்கு 38. மெதுவாக இருந்தாலும் அது ஒழுங்காகவும் நல்ல நிறைவோடும் இருந்தது. இரத்த அழுத்தம் 170/60. இரு துடிப்புகளுக்கு இடையே நிரம்புவதற்கு நீண்ட நேரம் கிடைப்பதால் ஒவ்வொரு துடிப்பிலும் கீழறை வழக்கத்தைவிட அதிக இரத்தத்தை வெளித்தள்ளுகிறது. மேல் அழுத்தம் உயர்ந்தும் கீழ் அழுத்தம் தாழ்ந்தும் காணப்படுவதற்குக் காரணம் அதுவே. இந்த 170ஐப் பார்த்து இரத்த அழுத்த மாத்திரையைக் கூட்ட நினைப்பது, அதிலும் துடிப்பை மேலும் மெதுவாக்கும் அட்டினோலால் போன்ற ஒன்றைச் சேர்ப்பது, ஆபத்தில் முடியும். கழுத்துச் சிரையில் பெரிய அலைகள் அவ்வப்போது, ஒழுங்கின்றி, எகிறி அடங்கின. மூவிதழ் வால்வு மூடியிருக்கும் வேளையில் வலது மேலறை சுருங்கினால் இரத்தம் போக்கிடமின்றிக் கழுத்துக்குத் திரும்பும். அதுதான் இந்தப் பீரங்கி அலை. முதல் இதய ஒலியும் துடிப்புக்குத் துடிப்பு உரத்தும் தணிந்தும் கேட்டது. மேலறையும் கீழறையும் ஒன்றையொன்று அறியாமல் இயங்குகின்றன என்பதை, இசிஜி எடுக்குமுன்பே இவ்விரண்டும் சொல்லிவிட்டன. நுரையீரலின் அடிப்பகுதியில் சிறிது ஈர ஒலி இருந்தது, கால்வீக்கம் இல்லை.

இசிஜியில் கண்டவை

காகிதம் வழக்கம்போல நொடிக்கு 25 மி.மீ. வேகத்தில் ஓடியது, ஆகவே ஒரு சிறு கட்டம் 0.04 நொடி, ஐந்து சிறு கட்டங்கள் கொண்ட பெரிய கட்டம் 0.20 நொடி. இசிஜியில் பி அலை மேலறை தூண்டப்படுவதைக் காட்டும் சிறு அலை, க்யூஆர்எஸ் கீழறை தூண்டப்படுவதைக் காட்டும் கூர்முனை, டி அலை கீழறை மீள்வதைக் காட்டும் அலை. கருவி தானே அச்சிட்டுத் தந்த முடிவு “2:1 ஏவி அடைப்பு”, அதாவது இரண்டு பி அலைகளில் ஒன்று மட்டும் கீழிறங்கும் நிலை, என்பது. பி அலைகள் க்யூஆர்எஸ்களைப்போல ஏறத்தாழ இரு மடங்கு இருந்ததால் கருவி அப்படிச் சொன்னது வியப்பில்லை. ஆனால் எண்ணிக்கையை வைத்து முழு அடைப்பை அறியவும் முடியாது, மறுக்கவும் முடியாது. இரண்டு தாளங்களுக்கும் இடையே தொடர்பு உண்டா இல்லையா என்பதுதான் கேள்வி. அதற்கு டிவைடரோ, அது இல்லாவிட்டால் ஒரு வெற்றுத் தாளின் விளிம்பும் பென்சிலுமோ வேண்டும்.

முதலில் பி அலைகளை மட்டும் பார்த்தோம். லீட் 2இன் (இதயத்தை ஒரு கோணத்திலிருந்து காட்டும் இசிஜி வரிசை) நீண்ட பட்டியில் ஐயமின்றித் தெரிந்த அடுத்தடுத்த இரண்டு பி அலைகளைத் தாளின் விளிம்பில் குறித்துக்கொண்டு, அந்த இடைவெளியை முன்னும் பின்னும் நகர்த்தியபோது, ஒவ்வொரு 17 சிறு கட்டங்களுக்கும் ஒரு பி அலை தவறாமல் வந்தது. அதாவது 0.68 நொடிக்கு ஒன்று, நிமிடத்துக்கு 88. கண்ணுக்குத் தெரியாதவை என்று முதலில் தோன்றிய இடங்களிலும், குறி விழுந்த இடத்தை உற்றுப் பார்த்தால் டி அலையின் தோளில் ஒரு புடைப்போ க்யூஆர்எஸ்ஸின் வாலில் ஒரு நெளிவோ இருந்தது. மறைந்திருக்கும் பி அலையைத் தேட வேண்டிய இடம் இப்படித் தீர்மானமாகிவிடுவதே இம்முறையின் பயன். வெறுங்கண்ணால் தேடுபவர் டி அலைக்குள் புதைந்ததை விட்டுவிட்டு, பி அலைகள் ஒழுங்கற்றவை என்று எழுதிவிடுவார்.

அடுத்து க்யூஆர்எஸ்கள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே சரியாக 40 சிறு கட்டங்கள், அதாவது எட்டுப் பெரிய கட்டங்கள், 1.60 நொடி, நிமிடத்துக்கு 37.5. பட்டியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அந்த இடைவெளி மாறவே இல்லை.

மூன்றாவதாக, ஒவ்வொரு க்யூஆர்எஸ்ஸுக்கும் சற்று முன்னால் இருந்த பி அலையிலிருந்து அதுவரை உள்ள தூரத்தை அளந்தோம். முதல் துடிப்பில் 4 சிறு கட்டங்கள், இரண்டாவதில் 10, மூன்றாவதில் 16, நான்காவதில் 5, ஐந்தாவதில் 11, ஆறாவதில் பி அலை க்யூஆர்எஸ்ஸுக்குள்ளேயே விழுந்து மறைந்தது. நொடிகளில் 0.16, 0.40, 0.64, 0.20, 0.44. இவற்றில் முதலாவதும் நான்காவதும் இயல்பான பிஆர் (பி அலை முதல் க்யூஆர்எஸ் வரை) இடைவெளியைப் போலவே இருக்கின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். பன்னிரண்டு லீட் இசிஜியில் ஒவ்வொரு லீடுக்கும் 2.5 நொடிதான் இடம். 38 துடிப்புள்ள நோயாளியிடம் அதில் ஒன்றோ இரண்டோ க்யூஆர்எஸ் மட்டுமே அகப்படும். அகப்பட்டது முதலாவதோ நான்காவதோ என்றால், “பிஆர் இயல்பு; சைனஸ் தாளம்; மெதுவான துடிப்பு” என்று யாரும் எழுதிவிடக்கூடும். அடியில் ஓடும் நீண்ட பட்டி இல்லாத இசிஜியை மெதுவான நாடி உள்ளவரிடம் ஏற்றுக்கொள்ளவே கூடாது என்பது என் கருத்து. பத்து நொடியும் போதாது என்று தோன்றினால் அரை நிமிடம் ஓடவிடுவதில் காகிதம் மட்டுமே செலவு.

இத்தனையும் சேர்ந்தாலும் முழு அடைப்பு என்ற முடிவுக்கு இன்னும் ஒரு நிபந்தனை பாக்கி இருக்கிறது: மேலறையின் தூண்டலுக்குக் கீழே இறங்க நியாயமான வாய்ப்புக் கிடைத்ததா? க்யூஆர்எஸ் முடிந்த உடனே வரும் பி அலை கீழிறங்காமல் போவதில் நோய் எதுவும் இல்லை. கடத்தும் திசு அப்போது ஓய்வில் இருக்கும். டி அலை முடிந்து வெகுநேரம் கழித்து வரும் பி அலையும் கீழிறங்காவிட்டால்தான் அது அடைப்பு. இந்தப் பட்டியில் பி அலைகள் இதயச் சுழற்சியின் எல்லா இடங்களிலும் விழுந்திருந்தன. ஒன்றுகூட அடுத்த க்யூஆர்எஸ்ஸை முன்னதாக இழுத்து வரவில்லை. ஆர்-ஆர் (ஒரு க்யூஆர்எஸ் முதல் அடுத்தது வரை) இடைவெளியின் மாறாத ஒழுங்கே அதற்குச் சான்று. எங்கேனும் ஒரு க்யூஆர்எஸ் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் வந்து, அதன் முன்னால் ஒரு பி அலையும் இருக்குமானால், அந்தத் தூண்டல் கடந்துவிட்டது என்று பொருள். அப்போது அது உயர்நிலை அடைப்பே ஒழிய முழு அடைப்பு ஆகாது. துடிப்பு மெதுவாகவும், அதே சமயம் கடிகார ஒழுங்கோடும் இருப்பதைக் கண்டு நிம்மதி அடைபவர்கள் உண்டு. உண்மையில் கவலைப்பட வேண்டியது அந்த ஒழுங்கைக் கண்டுதான்.

அடைப்பு எந்த மட்டத்தில் இருக்கிறது

இதயத்துடிப்பு இயல்பாகத் தொடங்கும் இடமான சைனஸ் கணுவில் பிறக்கும் தூண்டல் மேலறைகளைக் கடந்து ஏவி கணுவில் சற்றுத் தாமதித்து, ஹிஸ் கற்றை வழியே இறங்கி, வலது கிளையாகவும் இடது கிளையாகவும் பிரிகிறது. இடது கிளை மீண்டும் முன்கற்றை, பின்கற்றை என இரண்டாகிறது. மக்கள் “ஹார்ட்டில் பிளாக்” என்று சொல்லும் இரத்தக்குழாய் அடைப்பு வேறு; இங்கே அறுந்திருப்பது மின்பாதை. குடும்பத்தினர் ஆஞ்சியோ எப்போது என்று கேட்டபோது இதை விளக்கச் சிறிது நேரம் எடுத்தது.

கணுவிலேயே பாதை அறுந்தால், அதற்குச் சற்றுக் கீழே சந்திப்புப் பகுதியில் உள்ள திசு பொறுப்பேற்று நிமிடத்துக்கு 40 முதல் 60 வரை துடிப்பைத் தரும். அது பழைய பாதை வழியாகவே கீழிறங்குவதால் க்யூஆர்எஸ் குறுகலாக இருக்கும். ஹிஸ் கற்றைக்குக் கீழே அறுந்தால் கீழறைத் தசையிலிருந்தே மாற்றுத் துடிப்பு வர வேண்டும். அதன் வேகம் 20 முதல் 40. க்யூஆர்எஸ் அகலமாக இருக்கும். எப்போது நிற்கும் என்று சொல்ல இயலாது. சிகிச்சையின் அவசரம் முழுவதும் இந்த வேறுபாட்டில்தான் அடங்கியிருக்கிறது.

இவருடைய க்யூஆர்எஸ் அகலம் 4 சிறு கட்டங்கள், 0.16 நொடி, வி1 லீடில் முழுதும் கீழ்நோக்கியதாக, இடது கிளை அடைப்பின் சாயலில் இருந்தது. அகலமாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்து இது கீழறைத் துடிப்பு என்று சொல்லிவிட முடியாது. ஏற்கெனவே கிளை அடைப்பு உள்ளவரிடம் சந்திப்புத் துடிப்பும் அகலமாகவே தோன்றும். அங்கேதான் பாலித்தீன் உறையில் இருந்த பழைய இசிஜி உதவியது. அதில் சைனஸ் தாளம், நிமிடத்துக்கு 76, பிஆர் 0.20 நொடி, வலது கிளை அடைப்பு, இதயத்தின் மின்னச்சு இடப்புறம் வெகுவாகச் சாய்ந்திருந்ததால் இடது முன்கற்றையும் அடைபட்டிருந்தது. மூன்று வழிகளில் இரண்டு அப்போதே போய்விட்டன. இடது பின்கற்றை ஒன்றை நம்பியே இரண்டாண்டுகள் இதயம் ஓடியிருக்கிறது. இப்போதைய துடிப்பு சந்திப்பில் பிறந்திருந்தால் அதே பழைய வலது கிளை அடைப்பின் வடிவத்தோடு வந்திருக்க வேண்டும். வடிவம் அடியோடு மாறியிருந்ததால் பிறப்பிடம் கீழறைதான், அடைப்பு ஹிஸ் கற்றைக்குக் கீழேதான் என்று கொள்ள இடமேற்பட்டது. இரு கற்றை அடைப்பு உள்ள எல்லோருக்கும் முழு அடைப்பு வருவதில்லை. பெரும்பாலானோருக்கு வருவதே இல்லை. ஆயினும் அத்தகைய இசிஜி உள்ளவர் மயங்கி விழுந்தால், மயக்கத்துக்குக் காரணம் இதயத்தில்தான் என்று வைத்துக்கொண்டே தேடலைத் தொடங்க வேண்டும்.

இடத்தை உறுதிப்படுத்த இன்னொரு சிறு சான்றும் கிடைத்தது. அட்ரோபின் 0.6 மி.கி. சிரை வழியாக இருமுறை கொடுக்கப்பட்டது. அட்ரோபின் வேகஸ் நரம்பின் பிடியைத் தளர்த்தும் மருந்து. அந்த நரம்பின் ஆட்சி சைனஸ் கணுவிலும் ஏவி கணுவிலும் வலுவாக இருக்கிறது, கீழறையில் மிகக் குறைவு. மருந்துக்குப் பின் பி அலைகளின் இடைவெளி 17 சிறு கட்டங்களிலிருந்து 13ஆகக் குறைந்து மேலறையின் வேகம் 115 ஆயிற்று. கீழறை அப்படியே 38இல் நின்றது. சிகிச்சையாக அது தோற்றது, சோதனையாகப் பயன்பட்டது.

க்யூடி (க்யூஆர்எஸ் தொடக்கம் முதல் டி அலை முடிவு வரை) இடைவெளி 16 சிறு கட்டங்கள், 0.64 நொடி என்பதையும் குறித்துக்கொண்டோம். மெதுவான துடிப்போடு க்யூடி நீள்வது, டோர்சாட் என்னும் முறுக்கு வகைக் கீழறை வேகத்துடிப்புக்கு வழிவிடும். முழு அடைப்பில் நோயாளி இறப்பது துடிப்பு நின்று மட்டுமே அல்ல, இவ்வழியாகவும்தான். க்யூடியை நீட்டும் மருந்துகளைத் தவிர்க்கவும் பொட்டாசியம், மெக்னீசியம் அளவுகளைச் சரியாக வைத்திருக்கவும் வேண்டியதன் காரணம் இதுவே.

மாறாட்டத்துக்கு இடமான நிலைகள்

மெதுவான துடிப்போடு பி அலைகள் மிகையாகத் தெரிந்தால் முதலில் நினைவுக்கு வர வேண்டியது உண்மையான 2:1 அடைப்பு. அதில் கடந்துவரும் ஒவ்வொரு துடிப்புக்கும் பிஆர் இடைவெளி ஒரே அளவாக இருக்கும். இவரிடம் அது துடிப்புக்குத் துடிப்பு மாறியது. மேலறையிலிருந்து முன்கூட்டியே வரும் மிகைத்துடிப்புகள் டி அலைக்குள் விழுந்து, கீழிறங்காமல் போவதும் மெதுவான துடிப்பாகத் தோன்றும். அங்கே பி அலைகளின் இடைவெளி சமமாக இராது, முன்வந்த பி அலையின் வடிவமும் வேறுபடும். தேவையற்ற பேஸ்மேக்கர்களுக்கு வழிவகுக்கும் மாறாட்டம் இது என்பதால், ஒவ்வொரு டி அலையின் வடிவத்தையும் அதற்கடுத்ததோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம்.

மேலறையும் கீழறையும் தொடர்பின்றி இயங்குவதெல்லாம் முழு அடைப்பு ஆகாது என்பது இன்னும் முக்கியம். கீழறையின் வேகம் மேலறையின் வேகத்தைவிடக் கூடுதலாக இருந்தால், மேலிருந்து வரும் தூண்டல் எப்போதும் ஓய்வில் இருக்கும் திசுவையே சந்திக்கிறது. அதற்கு வாய்ப்பே தரப்படவில்லை. கீழ்ச்சுவர் மாரடைப்புக்குப் பின்னும், டிஜாக்சின் என்னும் இதய மருந்து மிகும்போதும் வரும் வேகமான சந்திப்புத் தாளத்தில் இதைப் பார்க்கலாம். முழு அடைப்பில் பி அலைகள் அதிகம், க்யூஆர்எஸ்கள் குறைவு. இந்த ஒப்பீடு பல குழப்பங்களைத் தீர்த்துவிடும்.

பி அலையே இல்லாத முழு அடைப்பும் உண்டு. மேலறைக் குறுநடுக்கம் உள்ளவரின் நாடி ஒழுங்கற்றுத்தான் இருக்க வேண்டும். அது திடீரென மெதுவாகி ஒழுங்குக்கு வந்தால், நோய் தணிந்துவிட்டது என்று எண்ணாமல், அடியில் நடுக்கக் கோடு தொடர்கிறதா என்று பார்க்க வேண்டும். தொடர்ந்தால் அது நடுக்கத்தோடு சேர்ந்த முழு அடைப்பு. டிஜாக்சின் சாப்பிடுபவரிடம் இது நஞ்சேற்றத்தின் அறிகுறி. யாழ்ப்பாணத்திலும் தமிழகத்திலும் மஞ்சள் அரளி விதையின் நஞ்சோடு வருபவர்களிடம் காணப்படும் அடைப்பும் இதே வகை நஞ்சால்தான் ஏற்படுகிறது. அங்கே பொட்டாசியமும் ஏறியிருக்கும்.

அவசரப் பிரிவில் நடந்தது

தற்காலிக பேஸ்மேக்கர் கம்பி செலுத்த ஆயத்தம் நடந்துகொண்டிருந்தபோது மானிட்டரில் க்யூஆர்எஸ் நின்றுபோயிற்று. எட்டு நொடிகளுக்கு பி அலைகள் மட்டும், பதினான்கு, சீராக ஓடின. நோயாளியின் முகம் வெளுத்தது, கண்கள் மேலே செருகின, இடது கையும் தாடையும் வெட்டத் தொடங்கின. மாற்றுத் துடிப்பு மீண்டும் வந்ததும் முகம் சிவந்து, உடனே பேசினார். மூன்றாம் முறையாக அவருக்கு வந்திருந்த “வலிப்பு” எப்படிப்பட்டது என்பதை மானிட்டரிலிருந்து அச்சிட்டெடுத்த அந்தத் தாள் ஐயத்துக்கு இடமின்றிக் காட்டியது. நெஞ்சில் முன்னெச்சரிக்கையாக ஒட்டி வைத்திருந்த பட்டைகள் வழியாக நிமிடத்துக்கு 70 என்று தோல்வழித் தூண்டல் தொடங்கப்பட்டது. 75 மில்லி ஆம்பியரில் ஒவ்வொரு தூண்டலுக்கும் அகலமான க்யூஆர்எஸ்ஸும் டி அலையும் வந்தன. தொடை நாடியிலும் அதே எண்ணிக்கை கிடைத்ததால் தசை அசைவை இதயத் துடிப்பாக எண்ணி ஏமாறவில்லை என்பது உறுதியாயிற்று. வலியைக் குறைக்கச் சிறிதளவு ஃபென்டனில் கொடுத்து, வலது கழுத்துச் சிரை வழியாகத் தற்காலிகக் கம்பி வலது கீழறையில் வைக்கப்பட்டது.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். அவசரப் பிரிவில் கைகால் வெட்டுபவருக்கு ஃபெனிடாயின் என்னும் வலிப்பு மருந்தைச் சிரை வழியாக ஏற்றுவது வழக்கம். இரண்டாம் நிலை (சில தூண்டல்கள் மட்டும் கடக்கும்), மூன்றாம் நிலை (முழு) ஏவி அடைப்பு உள்ளவர்களுக்கு அது தரக்கூடாத மருந்து. கடத்தலை மேலும் மந்தப்படுத்தி, இருக்கும் ஒரே மாற்றுத் துடிப்பையும் அடக்கிவிடும். நாடியில் விரல் வைத்துப் பார்க்க ஆகும் பத்து நொடியையும் மானிட்டரை மாட்ட ஆகும் ஒரு நிமிடத்தையும் அந்த மருந்துக்கு முன்பே செலவிட வேண்டும்.

வலிப்போடு இந்நோயைக் குழப்பிக்கொள்வது புதிதன்று. 18ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் மார்காக்னி என்னும் மருத்துவர் இதை மெதுவான நாடியோடு கூடிய வலிப்பு என்றே விவரித்தார். 1827இல் டப்ளின் மருத்துவர் ராபர்ட் ஆடம்ஸ் 68 வயது வருவாய்த் துறை அலுவலர் ஒருவரின் வரலாற்றை வெளியிட்டார். நாடி 30ஆகக் குறைந்து, ஏழாண்டுகளில் இருபதுக்குக் குறையாத முறை நினைவிழந்து விழுந்திருந்த அவருக்கு நோய் இதயத்தில் இருக்கிறது, மூளையில் அன்று என்று ஆடம்ஸ் வாதிட்டார். 1846இல் அதே நகரின் வில்லியம் ஸ்டோக்ஸ் மேலும் சில நோயாளிகளைப் பற்றி எழுதினார். இன்றும் இத்தகைய மயக்கம் ஸ்டோக்ஸ்-ஆடம்ஸ் மயக்கம் எனப்படுகிறது. மின்பாதை அறுந்ததுதான் காரணம் என்பதைக் காட்டும் கருவி அவர்களிடம் இல்லை. 1906இல் ஜப்பானிய மருத்துவர் சுனாவோ தவாரா ஏவி கணுவை விவரித்த அதே ஆண்டு, நெதர்லாந்தின் லெய்டன் நகரில் இசிஜியின் முன்னோடியான ஐந்தோவன் வெளியிட்ட இசிஜி பதிவுகளில் முழு அடைப்பும் இருந்தது. நாடியையும் நினைவிழப்பையும் மட்டும் வைத்து ஆடம்ஸ் சரியாக முடிவெடுத்தார் என்பதைக் காணும்போது, ஸ்கேன் வரை சென்றும் நாடியைத் தவறவிடும் நம் காலத்து வரிசைமுறையை மாற்றியே ஆக வேண்டும் என்று தோன்றுகிறது.

காரணத் தேடலும் காத்திருப்பும்

பொட்டாசியம் 4.4, கிரியேட்டினின் 0.9, மாரடைப்பில் உயரும் ட்ரோபோனின் உயரவில்லை, தைராய்டு இயல்பு. சோடியம் 131 என்று சற்றுக் குறைந்திருந்தது, அது கார்பமாசெபைனின் வேலை. எக்கோவில் இதயத் தசை நன்றாகச் சுருங்கியது. ஈரிதழ் வால்வின் வளையத்திலும் பெருந்தமனி வால்வின் இதழ்களிலும் சுண்ணம் படிந்திருந்தது. வால்வு வளையச் சுண்ணம் அருகிலுள்ள கடத்தும் கற்றைக்குள் பரவுவதை 1964இல் மாரிஸ் லெவ் விவரித்தார். கற்றைகளே தாமாக நாராகிப் போவதை அதே ஆண்டில் பிரான்சின் லெனெக்ர் விவரித்தார். முதியோரிடம் காணப்படும் முழு அடைப்பில் பெரும்பகுதி இவ்விரண்டில் ஒன்றாக இருக்கிறது. நோயாளி 60 வயதுக்குக் கீழ்ப்பட்டவராக இருந்திருந்தால் சார்காய்டோசிஸ் (உறுப்புகளில் அழற்சி முடிச்சுகள் தோன்றும் நோய்), காசநோய் ஆகியவற்றைத் தேடாமல் விட்டிருக்க மாட்டோம். கீழ்ச்சுவர் மாரடைப்பாக இருந்திருந்தால் கதையே வேறு: அங்கே அடைப்பு பெரும்பாலும் கணுவில், மாற்றுத் துடிப்பு குறுகலாக இருக்கும், சில நாட்களில் தானே சரியாகிவிடும்.

எங்களுக்குள் விவாதம் எழுந்தது கார்பமாசெபைனைப் பற்றித்தான். சோடியம் வாயில்களைத் தடுக்கும் அம்மருந்து ஹிஸ் கற்றையிலும் கிளைகளிலும் கடத்தலை மந்தப்படுத்தும். முதிய பெண்களிடம், இரத்தத்தில் மருந்தின் அளவு வரம்புக்குள் இருக்கும்போதே, ஏவி அடைப்பை உண்டாக்கியிருப்பது மருத்துவ இலக்கியத்தில் பதிவானது. இவருடைய அளவு மில்லி லிட்டருக்கு 7 மைக்ரோகிராம். சிகிச்சை வரம்பு 4 முதல் 12. மருந்தை நிறுத்தினால் அடைப்பு நீங்கிவிடுமா, நீங்கினால் நிரந்தரக் கருவி வேண்டியதில்லையா? மருந்து தொடங்குவதற்கு முன்பே இருமுறை விழுந்திருக்கிறார், இரு கற்றை அடைப்பும் பழையது என்பதால், மருந்து நின்று அடைப்பு நீங்கினாலும் நோய் நீங்கிவிட்டதாகக் கொள்ள முடியாது என்பது என் வாதம். கம்பி ஒவ்வொரு நாளும் உள்ளேயே இருப்பது தொற்றுக்கும் இடப்பெயர்ச்சிக்கும் இடம் தருகிறது. ஆனால் குணமாகக்கூடிய காரணம் ஒன்று கண்முன்னே இருக்கும்போது அதை விலக்கிப் பார்க்காமல் கருவி பொருத்துவது சரியல்ல என்ற சக மருத்துவரின் கருத்தும் நியாயமானது. தொடர்ந்து சாப்பிடுபவர்களிடம் அம்மருந்து பாதியாகக் குறைய ஏறத்தாழ 12 முதல் 17 மணி நேரம் ஆவதால் நான்கு நாட்கள் காத்திருந்தோம். நான்காம் நாள் தூண்டலைச் சற்று நேரம் குறைத்துப் பார்த்தபோது பி அலைகள் 84, க்யூஆர்எஸ் 36. தொடர்பு எதுவும் இல்லை. குணமாகக்கூடிய காரணம் இல்லாத மூன்றாம் நிலை அடைப்புக்கு, அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும், நிரந்தர பேஸ்மேக்கர் என்பதே அமெரிக்க இதய மருத்துவ அமைப்புகளின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டுதல். ஐந்தாம் நாள் இரட்டை அறைக் கருவி பொருத்தப்பட்டது.

இரட்டை அறை என்பதற்குக் காரணம் இவருடைய சைனஸ் கணு நலமாக இருந்ததே. கருவியின் மேலறைக் கம்பி அந்தத் துடிப்பை உணர்ந்து, குறித்த தாமதத்துக்குப் பின் கீழறையைத் தூண்டுகிறது. நடக்கும்போது வேகமும் தானே கூடுகிறது. கீழறையை மட்டும் தூண்டும் கருவி மலிவு, உயிரையும் காக்கும். ஆனால் மேலறையும் கீழறையும் அப்போதும் ஒத்திசைவின்றியே இயங்குவதால் கழுத்தில் துடிப்பும் தலைசுற்றலும் சிலரிடம் தொடரும். 1958 அக்டோபர் 8 அன்று ஸ்டாக்ஹோமில் ஆர்னே லார்சன் என்பவருக்கு உலகின் முதல் உட்பொருத்து பேஸ்மேக்கர் வைக்கப்பட்டதும் இதே நோய்க்காகத்தான். சில மணி நேரமே உழைத்த அந்தக் கருவிக்குப் பின் பல கருவிகளை மாற்றிக்கொண்டு அவர் 2001 வரை, 86 வயதுவரை வாழ்ந்தார்.

கருவிக்குப் பிந்தைய இசிஜியில் ஒவ்வொரு பி அலைக்கும் பின்னால் ஒரே தூரத்தில் தூண்டல் கோடும் அகலமான க்யூஆர்எஸ்ஸும் இருந்தன. இரத்த அழுத்தம் 140/80க்கு இறங்கியது. மூச்சு வாங்குவது நின்றது. கார்பமாசெபைன் மீண்டும் தொடங்கப்படவில்லை. இடது கையைத் தோளுக்கு மேல் ஆறு வாரங்கள் உயர்த்த வேண்டாம் என்றும், நாற்றுக்கட்டு தூக்க வேண்டாம் என்றும், கைபேசியைக் கருவியிலிருந்து ஒரு சாண் தள்ளியே பிடிக்க வேண்டும் என்றும் அவரிடமும் மருமகளிடமும் சொல்லப்பட்டது.

மூன்றாம் மாதப் பரிசோதனையில் கருவியின் பதிவைப் படித்தபோது கீழறைத் துடிப்புகள் ஏறக்குறைய முழுவதும் கருவி தந்தவையாகவே இருந்தன. வேகத்தை 30ஆகக் குறைத்துப் பார்த்தபோது சொந்தத் துடிப்பு எதுவும் எழவில்லை. உடனே பழைய அளவுக்குத் திருப்பப்பட்டது. இடக்கண்ணில் புரை நீக்கும் சிகிச்சை இன்னும் பாக்கி இருப்பதால், முழுக்கக் கருவியைச் சார்ந்தவர் என்பதும், மின்சூட்டுக்கோல் தேவைப்பட்டால் இருமுனை வகையையே பயன்படுத்த வேண்டும் என்பதும் அவருடைய பேஸ்மேக்கர் அட்டையோடு இணைத்த கடிதத்தில் எழுதித் தரப்பட்டிருக்கின்றன.